ஐந்து பேர், பத்து மெட்டு

கோயம்புத்தூர்
புரட்டாசி முதல் வாரம்

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதியாயிற்று. சொட்டு மருந்தை வேளாவேளைக்குப் போட விடமாட்டார்கள், நீதான் கூடவே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்னவனுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இன்னும் ஒன்றும் கூடிவரவில்லை. மகள் அமெரிக்காவில் டென்வரில்தான் இருக்கிறாள். போன வருஷம் அவளோடு இருந்துவிட்டு வந்த கதையை உனக்கு முழுசாக எழுதவே இல்லை. இப்போது எழுத உன் கடிதத்தில் இருந்த ஒரு வரியே காரணம்.

உங்கள் குழு கலைந்துபோனது எனக்கும் பெரிய வருத்தம். கும்மி, தெம்மாங்கு, தாலாட்டு, நடவு என்று அத்தனை மெட்டுகளையும் பாட்டே இல்லாமல் வீணை, வயலின், குழல், கடம் நான்கிலும் கொண்டுவர நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். வயலின் வாசித்த பெண் கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போய்விட்டாள், குழல் வாசித்த தம்பிக்கு வேலை மாற்றல். யாரையும் குறை சொல்ல முடியாது. "ரெண்டு வருஷம்கூடத் தாங்காத ஒன்றுக்கா இவ்வளவு மெனக்கெட்டோம்?" என்று கேட்டிருக்கிறாய். அதற்கு இரண்டு ஆறுதல் வார்த்தை எழுதி முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை. நீ அவசியம் கேட்க வேண்டிய ஒரு குழுவைப் பற்றிச் சொல்கிறேன்.

ஸ்ட்ரென்த் இன் நம்பர்ஸ் என்று பெயர். அமெரிக்காக்காரர்கள் ஐந்து பேர். 1989இல் 'த டெலுரைடு செஷன்ஸ்' என்று ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள். சில கச்சேரிகள் செய்தார்கள். அப்புறம் அவரவர் வழியில் போய்விட்டார்கள். அந்த ஆல்பத்தில் பாடுகிற குரல் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. மாண்டலின், பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியம், டோப்ரோ என்கிற மடிக் கிட்டார், பிடில் (நம் வயலின்தான்), ஆளுயர டபுள் பாஸ், இவ்வளவுதான். நடுவே பிடில்காரர் கிட்டாரையும் எடுப்பார். எல்லாமே மரமும் கம்பியும்.

இவர்கள் வளர்ந்தது புளூகிராஸ் என்கிற நாட்டுப்புற இசையில். கென்டக்கிக்காரரான பில் மன்ரோ 1940களில் அதற்கு உருவம் கொடுத்தார். 1945 கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளைஞர் அவர் குழுவில் சேர்ந்து, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் வைத்துப் பொழிகிற மாதிரி பாஞ்சோ வாசித்ததும் ஊரே மிரண்டது. புளூகிராஸ் அடிப்படையில் பாட்டுச் சங்கதி. உச்சஸ்தாயியில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து பாடுவார்கள், பாட்டின் இடைவெளிகளில் வாத்தியக்காரர்கள் முறை வைத்து ஒவ்வொருவராக முன்னால் வந்து வாசித்துவிட்டு விலகுவார்கள். இந்த ஐவரும் பாட்டை எடுத்துவிட்டு அந்த இடைவெளியையே முழுக் கச்சேரியாக ஆக்கிவிட்டார்கள்.

நீ வாத்தியக்காரி, அதனால் வாத்தியங்களைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட மாட்டேன். மாண்டலின் என்றால் நமக்கு சீனிவாஸ்தான். அவர் கையில் இருந்தது ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலின், கமகம் பேசுவதற்கென்றே அமைத்துக்கொண்டது. புளூகிராஸ் மாண்டலினில் எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக நான்கு ஜோடி, ஸ்ருதி வயலினுக்கு வைக்கிற மாதிரி. அதை வைத்து அவர்கள் செய்கிற பெரிய காரியம் மெட்டு வாசிப்பதல்ல, தாளம் போடுவது. இடது கை விரல்களை அழுத்தி, வலது கையால் ஓங்கி ஒரு வெட்டு வெட்டி, அந்தக் கணமே இடது கையைத் தளர்த்திவிட வேண்டும். நாதம் எழும்பும் முன்பே அடங்கி 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் மிஞ்சும். 'சாப்' என்பார்கள். நாலு அடித் தாளத்தில் டபுள் பாஸ் ஒன்றிலும் மூன்றிலும் விழும், இந்த 'டக்' இரண்டிலும் நான்கிலும் விழும். மிருதங்கமோ டிரம்ஸோ இல்லாமலே தாளம் இரும்பு மாதிரி நிற்பதற்கு இது காரணம். நல்ல ஹெட்போனில் கேள். முதல் தடவை மெட்டை விட்டுவிட்டு அந்த 'டக்'கை மட்டும் தொடர்ந்து போ. மாண்டலின் வாசிக்கிற சாம் புஷ் எந்த இடத்தில் வெட்டுவதை நிறுத்திவிட்டு மெட்டுக்குள் நுழைகிறார், அப்போது தாளத்தை யார் தோளில் வாங்கிக்கொள்கிறார்கள் என்று கவனித்தால் இந்தக் குழுவின் நேர்த்தி பிடிபட்டுவிடும். வேலை கைமாறுவதே தெரியாது.

டோப்ரோ உனக்கு உடனே பிடிக்கும். மடியில் கிடத்தி, இடது கையில் இரும்புக் கட்டையை வைத்துக் கம்பிமேல் இழுத்து வாசிப்பது. நம் கோட்டு வாத்தியத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இழைவு அந்நியமாகவே இருக்காது. ஹவாய்த் தீவு கிட்டாரிலிருந்து வந்த வாசிப்பு முறை. ஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறிய டோப்பியேரா சகோதரர்கள் 1920களின் கடைசியில் கிட்டாரின் வயிற்றுக்குள் உலோகக் கூம்பு ஒன்றைப் பொருத்தி அதன் நாதத்தைப் பெரிதாக்கினார்கள். இந்தக் குழுவில் அதை வாசிக்கிற ஜெர்ரி டக்ளஸ், ஒஹையோவில் இரும்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகன். அப்பாவும் புளூகிராஸ் வாசிப்பவர்.

பாஞ்சோ பேலா ஃப்ளெக். நியூயார்க் பையன். ஹங்கேரி இசையமைப்பாளர் பேலா பார்டோக் ஞாபகமாக வைத்த பெயர். ஒரு தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையில் ஸ்க்ரக்ஸின் வாசிப்பைக் கேட்டதிலிருந்து பாஞ்சோப் பைத்தியம் பிடித்தவர். பாஞ்சோவில் சுரம் தட்டியவுடன் செத்துவிடும், கார்வை கிடையாது. அதனால்தான் அவ்வளவு சுரங்களைக் கொட்டுகிறார்கள். பக்கத்திலேயே இழுத்து இழுத்துப் பேசும் டோப்ரோ. ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கிறது. பிடில் மார்க் ஓகானர், சின்ன வயசிலேயே போட்டிகளில் பரிசுகளை அள்ளியவர். டெக்சாஸ் பிடில் மேதை பென்னி தாமஸனிடம் கற்று, பிறகு ஜாஸ் வயலின் மேதை ஸ்டெஃபான் க்ராப்பெலியோடு சேர்ந்து ஊர் ஊராக வாசித்தவர். டபுள் பாஸ் எட்கர் மேயர். அவருடைய அப்பா பள்ளிக்கூடத்தில் தந்தி வாத்தியம் சொல்லிக்கொடுத்தவர். மேயர் பாஸை விரலால் தட்டுவதோடு நிற்கமாட்டார், வில் போட்டு இழுப்பார். அவ்வளவு பெரிய வாத்தியத்தில் செல்லோவின் குழைவை வரவழைப்பார். அந்த ஆல்பம் வந்தபோது ஐந்து பேரில் மூத்தவரான சாம் புஷ்ஷுக்கே 37 வயதுதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து பேரை இரண்டிரண்டாகச் சேர்த்தால் எத்தனை ஜோடி வரும்? பத்து. ஆல்பத்தில் மெட்டும் பத்துதான். ஒவ்வொரு ஜோடியும் ஒரு மெட்டை உருவாக்கியிருக்கிறது. பாஞ்சோக்காரரும் பிடில்காரரும் உட்கார்ந்து ஒன்று, பிடில்காரரும் பாஸ்காரரும் உட்கார்ந்து ஒன்று, இப்படி ஒரு ஜோடி விடாமல். பிறகு அதை ஐந்து பேரும் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளை இதைச் சொன்னபோது நான் காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, ஆல்பத்தை முதலிலிருந்து போடச் சொன்னேன். அதுவரை கேட்டதெல்லாம் வேறு மாதிரி கேட்கத் தொடங்கிவிட்டது. ஐந்து பேர் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரு மெட்டைக் கட்டினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். சத்தமாகப் பேசுகிறவர் ஜெயிப்பார், கூச்சக்காரர் தலையாட்டுவார். இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்தால் கூச்சக்காரரும் வாயைத் திறந்தாக வேண்டும். எல்லா மெட்டும் ஒருவரே எழுதினால் அது அவர் குழுவாகிவிடும், மற்ற நாலு பேரும் பக்கவாத்தியம். இங்கே ஒவ்வொருவர் கையும் சரியாக நான்கு மெட்டில் இருக்கிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதனால்தான் அந்த ஆல்பத்தில் தலைவர் யார் என்று எவ்வளவு கேட்டாலும் கண்டுபிடிக்க முடியாது.

பத்தையும் நான் விளக்கப் போவதில்லை, நீயே கேள். 'ஒன் வின்டர்ஸ் நைட்' என்ற நிதானமான மெட்டில் தொடங்கு. வேகத்தைக் காட்ட வேண்டும் என்ற துடிப்பு கொஞ்சமும் இல்லாமல், எல்லா அவசரத்தையும் கழற்றி வைத்துவிட்டு வாசித்திருக்கிறார்கள். அடுத்து 'த லாக்ஸ் ஆஃப் ட்ரெட்'. அதில் ஜமைக்கா ரெகே தாளம் வருகிறது. புளூகிராஸ்காரர்களுக்கு ரெகே எதற்கு என்று தோன்றும். ஆனால் ரெகே கிட்டாரும் மாண்டலின் வெட்டும் விழுகிற இடத்தைப் பார், இரண்டுமே நேர் அடியில் விழாமல் இடை அடியில்தான் விழுகின்றன. கென்டக்கிக்கும் ஜமைக்காவுக்கும் நடுவில் கதவு அங்கே திறந்துதான் இருந்தது, இவர்கள் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். உங்கள் கும்மி மெட்டை நீ மூன்று மூன்றாக எண்ணுகிற திஸ்ரத்தில் மாற்றிப் பார்த்ததாக எழுதியிருந்தாயே, அதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆல்பத்தின் பெயரில் இருக்கிற டெலுரைடு ஊருக்கு மகள் எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். கொலராடோவில், சான் வான் மலைகளுக்குள் இருக்கிற பழைய வெள்ளிச் சுரங்க ஊர். கிட்டத்தட்ட 8,750 அடி உயரம், நம் ஊட்டியைவிட அதிகம். அவருக்கு இரண்டு தெரு நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. மூன்று பக்கமும் மலைச்சுவர், கோடியில் 365 அடி அருவி. சுரங்கத் தொழில் நசிந்த பிறகு 1970களில் பனிச்சறுக்கு வந்து ஊரைக் காப்பாற்றியது. பக்கத்து மலைக் கிராமத்துக்குப் போகிற ரோப் காருக்குக் காசே வாங்குவதில்லை. 1974 முதல் அங்கே ஜூன் மாதத்தில் புளூகிராஸ் திருவிழா நடக்கிறது. நாலு நாள் திருவிழா, ஊர்ப் பூங்காவில் மேடை. சாம் புஷ் 1975இல் தன் நியூ கிராஸ் ரிவைவல் குழுவோடு முதல் தடவை வந்தவர், அதிலிருந்து அந்தத் திருவிழாவின் செல்லப்பிள்ளை. இந்த ஐந்து பேரும் அந்த மேடையில் கூடி வாசித்துப் பழகியவர்கள்.

நாங்கள் போனது செப்டம்பரில், திருவிழாக் கூட்டமெல்லாம் முடிந்து ஊர் காலியாக இருந்தது. பூங்காவில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மேடைக்கு எதிரே நின்று பார்த்தேன். வாசிக்கிறவர்களுக்கு எதிரே மலை, கேட்கிறவர்களுக்குப் பின்னாலும் மலை. அப்படிப்பட்ட இடத்தில் வருஷா வருஷம் சந்தித்துக்கொள்கிறவர்களுக்குச் சேர்ந்து ஒரு காரியம் செய்யத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

சரி, ஏன் நீடிக்கவில்லை? என் அபிப்பிராயம், இது நீடிக்கிற மாதிரி அமைந்த குழுவே இல்லை. ஒவ்வொருவரிடமும் முழு வாழ்க்கைக்கு வேண்டிய வேலை தனியாக இருந்தது. ஃப்ளெக் அதற்குள் ஃப்ளெக்டோன்ஸ் என்று சொந்தக் குழு தொடங்கியிருந்தார். புஷ்ஷும் ஃப்ளெக்கும் இருந்த நியூ கிராஸ் ரிவைவல் 1989 கடைசி நாளோடு கலைந்தது. புஷ் பாடகி எமிலூ ஹாரிஸோடு வாசிக்கப் போனார். ஓகானர் பிடிலுக்கென்று, ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கிற கான்செர்ட்டோ எழுதப் போனார். டக்ளஸ் பின்னால் பாடகி அலிசன் க்ராஸின் யூனியன் ஸ்டேஷன் குழுவில் சேர்ந்து பல வருஷம் இருந்தார். மேயர் மேல்நாட்டு சாஸ்திரிய சங்கீத மேடைகளுக்குப் போனார். சண்டை போட்டுப் பிரியவில்லை. ஐந்து மரங்களுக்கு ஒரு தொட்டி போதவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஜோடிகளைப் பார், கோமதி. குழுதான் கலைந்தது, ஜோடிகள் கலையவில்லை. மேயரும் ஓகானரும் செல்லோ மேதை யோ-யோ மாவோடு சேர்ந்து 1996இல் 'அப்பலேச்சியா வால்ட்ஸ்' தந்தார்கள். டக்ளஸும் மேயரும் நம் விஸ்வமோகன் பட்டின் மோகன வீணையோடு (அதுவும் மடியில் கிடத்தி இழுக்கிற கிட்டார்தான்) உட்கார்ந்து 1995இல் 'பர்பன் அண்ட் ரோஸ்வாட்டர்' என்று ஒன்று செய்தார்கள். இரண்டு இழுப்பு வாத்தியங்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொள்வதை நீ கேட்டே ஆக வேண்டும். ஃப்ளெக்கும் மேயரும் மட்டும் இருவராகவே ஊர் ஊராகக் கச்சேரி செய்தார்கள். நாஷ்வில்லில் புது சிம்பனி அரங்கம் 2006இல் திறந்தபோது அந்த இருவரோடு மூன்றாவது ஆளாக உட்கார்ந்தவர் யார் தெரியுமா? ஜாகிர் உசேன். மூன்று பேரும் சேர்ந்து ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கிற கான்செர்ட்டோ ஒன்றை எழுதினார்கள். அப்புறம் குழலுக்கு ராகேஷ் சௌராசியாவும் சேர்ந்து 2023இல் 'ஆஸ் வி ஸ்பீக்' வந்தது. 2024 பிப்ரவரியில் அதற்கு இரண்டு கிராமி. அதே ராத்திரிதான் நம் செல்வகணேஷ் கஞ்சிரா வாசிக்கிற சக்தி குழுவுக்கும் கிராமி கிடைத்தது, ஜாகிர் மட்டும் மூன்று வாங்கினார். அந்த டிசம்பரில் ஜாகிர் போய்விட்டபோது நீ போனில் அழுதது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவர் கடைசி வருஷங்களில் அவ்வளவு சந்தோஷமாகக் கூட உட்கார்ந்து வாசித்த இரண்டு பேர் இந்தச் சின்னக் குழுவில் இளவயசில் ஜோடியாக உட்கார்ந்து மெட்டுக் கட்டியவர்கள். அந்தப் பழக்கம் அங்கே ஊறியது என்றே நான் நம்புகிறேன்.

ஃப்ளெக்கைப் பற்றி இன்னொன்று. பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த வாத்தியம். அதன் வேரைத் தேடி அவர் 2005இல் உகாண்டா, தான்சானியா, காம்பியா, மாலி என்று போனார். பாஞ்சோவின் மூதாதை போன்ற வாத்தியங்களை வாசிக்கிற கிராமத்துக் கலைஞர்கள் முன்னால் உட்கார்ந்து வாசித்தார். இவ்வளவு புகழ் வந்த பிறகும் ஒருவருக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து கற்றுக்கொள்கிற அந்த முறையை அவர் விடவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அதனால்தான்.

இனி உன் விஷயம். புது வயலின்காரரைத் தேடப் போவதாக எழுதியிருக்கிறாய். தேடாதே என்று சொல்லமாட்டேன், ஆனால் உடனே வேண்டாம். நீங்கள் நான்கு பேர் என்றால் ஆறு ஜோடி. அதில் உன் வீணையும் கடமும் பாளையங்கோட்டையிலேயே இருக்கின்றன. கடம் வாசிக்கிற பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச்சொல். ஆடிப்பெருக்குக்கு வாசித்தீர்களே அந்த நடவு மெட்டு, அதை இரண்டு வாத்தியத்தில் மட்டும் வாசித்துப் பாருங்கள். குழலும் வயலினும் நிரப்பிய இடங்கள் காலியாகத் தெரியும். அந்தக் காலி இடங்களில் வீணையின் கார்வையை விடு. நீ எப்போதும் குழுவுக்கு இடம் விட்டு விட்டு ஒதுங்கியே வாசிப்பவள், எனக்கு அதில் நெடுநாளாகவே ஒரு மனக்குறை. வயலின் பெண் பெங்களூரில் இருந்தாலும் வில்லைத் தூக்கிப் பரணில் போட்டுவிடவில்லையே. அவள் ஒரு மெட்டைப் போனில் பதிந்து அனுப்பட்டும், நீ அதற்குப் பதில் மெட்டு அனுப்பு. அதுவும் ஒரு ஜோடிதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் கட்டிய மெட்டுகளில் ஒன்றுகூட ஒழுங்காகப் பதிவாகவில்லை. கோயில் மைக்கில் யாரோ செல்போனில் எடுத்த இரண்டு துண்டுதான் என்னிடம் இருக்கிறது, அதிலும் ஜெனரேட்டர் சத்தம். அந்த ஐந்து பேரும் சேர்ந்து இருந்த கொஞ்ச காலத்துக்குள் ஒரு ஆல்பம் போட்டுவிட்டதால்தான் நான் இன்று உனக்கு இதை எழுத முடிகிறது. உங்கள் மெட்டுகள் இப்போது நாலு பேர் ஞாபகத்தில் மட்டும் இருக்கின்றன. யாருக்காவது ஒரு இடம் மறந்துபோனால் அது போனதுதான்.

அந்தப் பெண்ணுக்கு இது தலைதீபாவளி அல்லவா? பிறந்த வீட்டுக்கு வராமல் இருக்கமாட்டாள். குழல் தம்பியும் பண்டிகைக்கு ஊருக்கு வருவான். தீபாவளிக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் நான்கு பேரையும் உன் வீட்டில் உட்கார வைத்துவிடு. பட்டாசுச் சத்தத்துக்குப் பயந்தால் விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்கலாம். சின்னவனிடம் நல்ல ரெக்கார்டரும் இரண்டு மைக்கும் இருக்கின்றன, அவனைக் கூட்டிக்கொண்டு நானே வந்துவிடுகிறேன். ரயில் டிக்கெட்டுக்கு இப்போதே சொல்லி வைக்க வேண்டும், அதனால் இந்தக் கடிதம் கண்டதும் போன் செய். மெட்டுகளின் பெயரை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதி வை, எது யார் சொல்லி வந்தது என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடு. அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
உன் விசாலம்